அரக்கு மெருகு

நகையை அடகு வைக்கப் போனவர்களுக்கு அரக்கு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தாலிக்குண்டும் அட்டிகையும் தராசில் ஏறும்போதே, "உள்ள அரக்கு இருக்கும்மா, கழிச்சுத்தான் போடணும்" என்பார் கடைக்காரர். அரசாங்கக் கவர்களில் சிவப்பாக உருக்கி ஊற்றி முத்திரை குத்தியதும் அரக்குதான். பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்த துரியோதனன் கட்டிய மாளிகையும் அரக்குதான். தாத்தா காலத்து ஈட்டி மர அலமாரியில் முகம் தெரிகிறதே என்று வியக்கிறவர்கள் மட்டும், அந்தப் பளபளப்பும் இதே அரக்குதான் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

காரைக்குடியில் பழைய மரச் சாமான்களைப் பழுது பார்த்து பிரெஞ்ச் பாலிஷ் போடுவது என் தொழில். கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்து, வயதான பிறகு ஊர் திரும்பியவர். இந்த வேலையின் கதையை வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பாரிஸ் வரும், லண்டன் வரும், மகோகனி மேசை வரும். அரக்கு மட்டும் கடையில் வாங்கிய சரக்காக ஒரே வரியில் முடிந்துவிடும். நான் அரக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ராஞ்சியைச் சுற்றியுள்ள சோட்டா நாக்பூர் மேட்டுநிலம், சத்தீஸ்கர், வங்காளத்தின் புருலியா. அரக்கு விளைவது பெரும்பாலும் இந்தக் காடுகளில்தான். புரசு, இலந்தை, குசும் ஆகிய மூன்று மரங்களும் அதற்குத் தோது. கடுகை விடச் சிறிய செந்நிறப் பூச்சி ஒன்று ஆயிரக்கணக்கில் இளங்கிளையில் அப்பிக்கொள்ளும். சாற்றை உறிஞ்சியபடியே தன்னைச் சுற்றிப் பிசினைக் கசிந்து மூடிக்கொள்ளும். கிளை முழுக்க மேலோடு கட்டியதும் ஆதிவாசிக் குடும்பங்கள் அதை வெட்டிச் சுரண்டி எடுப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கேட்டால் கிடைப்பது இதுதான். 1781-இல் பாட்னாவில் இருந்த ஜேம்ஸ் கெர் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பூச்சியின் வாழ்க்கையை விவரித்து எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி தன் இதழில் அதை அச்சிட்டது. காட்டு மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்த சேதி ஐரோப்பியப் படிப்பாளிகளுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

கொம்பரக்கைப் பொடித்துத் தொட்டியில் தண்ணீர் விட்டுக் காலால் மிதித்து அலசுவார்கள். தண்ணீர் ரத்தச் சிவப்பாக இறங்கும். வெகுகாலம் வியாபாரம் அந்தச் சிவப்புத் தண்ணீருக்குத்தான் நடந்தது. அதைக் கட்டியாக்கி, துணிக்குச் சாயம் போட கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏற்றினார்கள். 1870-களுக்குப் பிறகு ரசாயனச் சாயங்கள் மலிவாக வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. சிவப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று, பிசின் முதல் சரக்காயிற்று.

பிசினைத் தகடாக்கும் விதத்தை ஒவ்வொரு பாலிஷ்காரனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன். அலசிக் காயவைத்த மணி அரக்கை நீண்ட துணிக் குழாய்க்குள் அடைப்பார்கள். குழாயின் நீளம் முப்பது அடி வரைகூட இருக்கும். திறந்த கரி அடுப்பின் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஒரு முனையை முறுக்கிக்கொண்டே இருப்பார். உள்ளே உருகிய அரக்கு துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே கசியும், குப்பை உள்ளேயே தங்கிவிடும். கசிந்ததை வழித்து, வெந்நீர் நிரப்பிய பீங்கான் உருளையின் மேல் தேய்த்துப் பரப்புவார்கள். அடுத்தவர் அந்தச் சூடான தகட்டை உரித்தெடுத்து அடுப்பின் அனலுக்கு நேரே நின்று இழுப்பார். இரண்டு கை, இரண்டு கால் விரல்கள், பற்கள் ஆகிய ஐந்தாலும் பிடித்து நாலாபக்கமும் இழுக்க இழுக்க, அது ஆள் உயரத்துக்கு மெல்லிசாக விரியும். ஆறியதும் உடைத்தால் பொன்னிறச் சில்லு. அதைத்தான் ஷெல்லாக் என்று டப்பாவில் வாங்குகிறோம். வடக்கே சப்ரா என்பார்கள். அனலில் நின்று பல்லால் இழுத்த அந்த மனிதர்களில் ஒருவர் பெயரையும் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அரக்கை மரத்துக்குப் பூசுவது ஐரோப்பியர் கண்டுபிடித்ததும் இல்லை. 1590-களின் அயினி அக்பரியில், தட்டிகளுக்கு வண்ண அரக்குப் பூச எவ்வளவு அரக்கு, எவ்வளவு நிறப்பொடி என்று அபுல் ஃபசல் கணக்கு எழுதியிருக்கிறார். கடைசல் வேலைக்காரர்கள் கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து எட்டிகொப்பாக்காவிலும் நம் அம்பாசமுத்திரத்திலும் அரக்கைத்தான் நம்பியிருந்தார்கள். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால் உராய்வுச் சூட்டில் அது உருகி மரத்தோடு படியும். பம்பரம், தொட்டில் கால், சொப்புச் சாமான் என்று கடைசலில் சுழலக்கூடிய எதற்கும் இந்த முறை பொருந்தும். மேசைப் பலகையைச் சுழற்ற முடியாது. அகலமான தட்டைப் பரப்பில் அரக்கைச் சீராகப் படியவைக்க வேறொரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி ஸ்பிரிட். அரக்கு தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையாது, சாராயத்தில் கரையும். இது ஐரோப்பாவில் முன்பே தெரியும். 1688-இல் ஸ்டாக்கரும் பார்க்கரும் சேர்ந்து எழுதிய வார்னிஷ் கையேட்டிலேயே அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டும் முறை இருக்கிறது. ஆனால் அவர்கள் தூரிகையால் பூசினார்கள். ஸ்பிரிட் நொடியில் பறந்துவிடுவதால் தூரிகைத் தடம் அப்படியே நின்றுவிடும். பிறகு தேய்த்துத் தேய்த்துத்தான் அதைச் சமன் செய்ய வேண்டும். சாதாரண மரச் சாமான்களுக்கு அவ்வளவு பாடு யாரும் பட்டதில்லை. 1769-இல் தொடங்கி வெளிவந்த, பிரெஞ்சுத் தச்சர் ரூபோவின் பெரிய தச்சு நூல், பாரிஸ் ஆசாரிகள் தேன்மெழுகைப் பூசி, இறுகக் கட்டிய கோரைக் கட்டால் தேய்த்ததைச் சொல்கிறது. 1803-இல் மரச் சாமான் வடிவமைப்பாளர் ஷெரட்டன் தன் தொழில் அகராதியில் ஆங்கிலேய வழக்கத்தை எழுதும்போது ஆளிவிதை எண்ணெயும் செங்கல் பொடியும்தான் வருகின்றன.

ஆக, அரக்கும் இருந்தது, ஸ்பிரிட்டும் இருந்தது. அந்தக் கரைசலில் துணிப் பொட்டணத்தை நனைத்துத் தேய்ப்பதுதான் புதிது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் பட்டறைகளில் இந்த பிரெஞ்ச் பாலிஷ் பிறந்தது. முதலில் செய்தவர் யார் என்று பெயர் சொல்ல முடியாது. பட்டறைக் கைகளிலிருந்து வருகிற எந்த வித்தைக்கும் அப்படி ஒரு பெயர் இருப்பதில்லை. ஒன்றை மட்டும் என் தொழில் அனுபவத்தை வைத்துச் சொல்வேன்: தூரிகையால் பூசிய மேடு பள்ளத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் சரி செய்ய முயன்ற எவனோ ஒருவனுக்குத்தான் இது கைகூடியிருக்கும். நெப்போலியன் காலத்து மகோகனிச் சாமான்கள் அகலமான, செதுக்கலற்ற, ஒரே சமதளமான பரப்புகள் கொண்டவை. இந்த மெருகுக்கு அதை விட வாகான இடம் கிடையாது.

1815-இல் போர் ஓய்ந்து ஆங்கிலேயர் மறுபடி பாரிஸ் போய் வரத் தொடங்கிய பிறகு வித்தை லண்டனுக்குத் தாவியது. 1820-களின் ஆங்கிலக் கைத்தொழில் புத்தகங்கள் பிரெஞ்ச் பாலிஷ் கலவையைப் போட்டிபோட்டு அச்சிட்டன. ஆனாலும் ஸ்பிரிட் மேல் இருந்த கலால் வரியால் அது பணக்காரர் வீட்டு மெருகாகவே நின்றது. 1855-இல் பிரிட்டிஷ் அரசு, குடிக்க முடியாதபடி மர நாப்தா கலந்த ஸ்பிரிட்டைத் தொழிலுக்கு வரியில்லாமல் விற்க அனுமதித்தது. அந்த ஒரு சட்டம் பாலிஷின் விலையை இறக்கியது. லண்டன் கிழக்குப் பகுதியில் கர்ட்டன் ரோட்டைச் சுற்றிய பட்டறைகளில் பியானோ, அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் கண்ணாடியாக மின்னி வெளியே வந்தன. மரவேலைப் பட்டறைகளில் பெண்களுக்குக் கூலி வேலை கிடைத்த சில இடங்களில் பாலிஷ் அறையும் ஒன்று.

எதிர்ப்பும் வந்தது. 1868-இல் சார்லஸ் ஈஸ்ட்லேக் வீட்டு ரசனை பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த மினுமினுப்பைக் கடுமையாகச் சாடினார். மரம் மரமாகத் தெரியவில்லை என்பது அவர் கட்சி. நான் அதில் பாதியை ஒத்துக்கொள்வேன். முந்தின நூற்றாண்டில் எண்ணெயும் மெழுகும் கண்டு, கைபட்டுக் கைபட்டுப் பழுத்திருந்த எத்தனையோ நல்ல நாற்காலிகளை அந்தக் காலத்து வியாபாரிகள் சுரண்டிவிட்டு பிரெஞ்ச் பாலிஷ் ஏற்றினார்கள். அது பாவம்தான். மலிவு மரத்தின் மேல் தடிமனாக ஏற்றி விலையுயர்ந்த மரமாகக் காட்டியதும் நடந்தது. ஆனால் ஈஸ்ட்லேக் குற்றம் சொன்னது கெட்ட கையை. நல்ல கை போட்ட பாலிஷில் மரம் மறையாது. ஈட்டி மரத்தின் கருஞ்சிவப்புக்குள் இன்னொரு கருஞ்சிவப்பு ஓடுவது தெரியும். தேக்கில் பகல் வெளிச்சம் சாயச் சாய ரேகை இடம் மாறும். மெழுகில் இந்த ஆழம் வராது.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாலிஷ் போடுவதில் பாதி வேலை பாலிஷைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இழைப்புளித் தடம் போக உப்புத்தாள் தேய்த்து, ஆணித் துளைகளுக்கு மக்கு வைத்து, பிறகு மரத்தின் நுண்துளைகளை அடைக்க வேண்டும். பெரியப்பா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் காவி கலந்து ஈரத்துணியால் ரேகைக்குக் குறுக்கே தேய்ப்பார். பிரான்ஸில் நுரைக்கல் பொடியை வைத்துத் தேய்ப்பார்கள். அது மரத்தூளையும் அரக்கையும் சேர்த்து அரைத்து, அந்த மரத்தாலேயே அதன் துளையை அடைத்துவிடும். வேலை கூடுதல்தான், ஆனால் பல வருடம் கழித்தும் துளைகளில் வெள்ளை தட்டாது.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150-லிருந்து 200 கிராம் வரை அரக்குச் சில்லு. கண்ணாடி ஜாடியிலோ பீங்கானிலோதான் ஊறப்போட வேண்டும். இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் அரக்கு கறுத்துவிடும். ராத்திரி முழுக்க ஊறியதை மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கரைத்ததை மாதக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்தக் கூடாது, பழசானால் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

பொட்டணத்துக்கு உள்ளே பஞ்சு, மேலே பல தடவை துவைத்து நைந்த வேட்டித் துணி. புதுத் துணியில் கஞ்சியும் பிசிரும் இருக்கும், ஆகாது. பஞ்சில் பாலிஷை ஊற்றித் துணியை மூடி முறுக்கி, அடிப்பக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். காகிதத்தில் ஒருமுறை அழுத்தி மிகுதியை எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு தொட்டுக்கொண்டு தொடங்கலாம். முதலில் சிறு வட்டங்கள், பிறகு எட்டு எட்டாக, கடைசியில் ரேகையோடு நேராக. பொட்டணம் பலகையின் மேல் நிற்கவே கூடாது. ஓரத்திலிருந்து வழுக்கி ஏறி, மறு ஓரத்தில் வழுக்கி இறங்கிவிட வேண்டும், குளத்தில் தவளைக்கல் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போவது போல. ஒரு கணம் நின்றால் ஸ்பிரிட் அடியில் உள்ள அரக்கைக் கரைத்துத் துணியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

சரியாகப் போகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பொட்டணத்துக்குப் பின்னால் ஒரு மங்கல் ஓடிவந்து, மூச்சுவிடும் நேரத்தில் மறையும். எண்ணெய் சொட்டின் மேல் ஸ்பிரிட் பறந்துபோகும் தடம் அது. மங்கல் வரவில்லையென்றால் பொட்டணம் காய்ந்துவிட்டது. மறையவில்லையென்றால் ஈரம் கூடிப்போயிற்று. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டே, "டேய், காஞ்சுபோச்சு, தொட்டுக்க" என்பார். பொட்டணம் மரத்தில் இழுபடும் சத்தம் மாறுவது அவர் காதுக்குக் கேட்டுவிடும்.

ஒவ்வொரு கைக்கும் பிறகு ஆறப்போட வேண்டும். மறுநாள் பார்த்தால் பளபளப்பு மரத்துக்குள் இறங்கியிருக்கும். மறுபடி கை, மறுபடி ஓய்வு. போகப்போக அரக்கைக் குறைத்து, கடைசிக் கையில் கிட்டத்தட்ட வெறும் ஸ்பிரிட்டாலேயே எண்ணெயை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் போன அந்த இடத்தில்தான் முகம் தெரிய ஆரம்பிக்கும். அடைமழையில் இந்த வேலையைத் தொடக் கூடாது, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பாலிஷ் வெளுத்துப்போகும். கத்திரி வெயிலில் பொட்டணம் தொடும் முன்பே ஸ்பிரிட் பறந்துவிடும். தையும் மாசியும் எங்களுக்கு நல்ல மாதங்கள்.

இந்த வேலை வெள்ளைக்காரர் பங்களாக்களோடும் பர்னிச்சர் கம்பெனிகளோடும் மெட்ராஸுக்கு வந்தது. பர்மா தேக்கை இறக்கி வீடு கட்டிய நகரத்தார் வழியாக எங்கள் பக்கம் பரவியது. அரக்கு நம் நாட்டிலேயே, வடக்கிலிருந்து கிடைத்தது, கை மலிவாகக் கிடைத்தது, பிடித்துக்கொண்டது. அடுத்து நடந்தது எந்தப் பாலிஷ்காரனும் எதிர்பார்த்திராதது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மெட்ராஸ் மாகாணம் முழுக்க வந்தது. சாராயம் கிடைக்காதவர்கள் எங்கள் ஜாடியைத் தேடினார்கள். பாலிஷில் தண்ணீர் ஊற்றினால் அரக்கு திரிந்து கட்டிக்கொள்ளும், வடித்தால் மிஞ்சுவது ஸ்பிரிட். அதில் குடிக்க முடியாதபடி கலந்திருந்த விஷமும் சேர்ந்தே மிஞ்சும். குடித்துக் கண் போனவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. 1959-இல் அரசு போட்ட மதுவிலக்கு விதிகளின் தலைப்பிலேயே பிரெஞ்ச் பாலிஷ் என்ற பெயர் ஏறிவிட்டது. ஸ்பிரிட்டும் பாலிஷும் லைசென்ஸ், இருப்புக் கணக்கு என்று கட்டுக்குள் வந்தன. நாற்காலிக்கு மெருகு போட்டு வயிறு வளர்த்த மனிதர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நிலை வந்தது. பெரியப்பா அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். கௌரவமான தொழில் என்று நினைத்து வந்தவர் அவர்.

உலகச் சந்தையில் அரக்கின் கதை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. கிராமபோன் கம்பெனிகள் அரக்கை அள்ளிக்கொண்டிருந்த காலத்தில், 1924-இல், ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமில் அரக்கு ஆராய்ச்சி நிலையமே அமைத்தார்கள். 1948-இல் வினைல் தட்டு வந்ததும் அந்தச் சந்தை சரியத் தொடங்கியது. மரச் சாமான்கள் பக்கம் அடி அதற்கு முன்பே விழுந்திருந்தது. 1923-இல் டுபான்ட் கம்பெனி டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை கார்களுக்காக இறக்கியது. ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். மேல்நாட்டு பர்னிச்சர் தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. வாரக்கணக்கில் கை தேய்த்த வேலையை ஒரு முற்பகலில் முடிப்பவனோடு கூலியில் யார் போட்டி போட முடியும்? நம் ஊரில் அந்த மாற்றம் மெதுவாக வந்தது. முதலில் சன்மைக்கா ஒட்டிய பிளைவுட், அப்புறம் மெலமைன், அப்புறம் பி.யு. என்கிற பாலியூரிதேன்.

அவற்றில் குறையே சொல்ல மாட்டேன் என்றால் பொய். தண்ணீரும் சூடும் தாங்குவதில் அரக்கு அவற்றுக்கு ஈடாகாது, அது உண்மை. காபி டபராவைச் சூடாக மேசையில் வைத்தால் பிரெஞ்ச் பாலிஷில் வெள்ளை வளையம் விழும். ஆனால் ஸ்பிரிட் துளி தொட்ட பொட்டணத்தால் நாலு இழுப்பு இழுத்தால் அந்த வளையம் போய்விடும். புதிதாகப் போடும் கை அடியில் இருக்கும் பழைய கையைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடுகிறது. தாத்தா காலத்து அரக்கும் என் அரக்கும் நடுவில் கோடு இல்லாமல் ஒரே படலம் ஆகிவிடும். பி.யு. கீறினால் அந்தக் கீறலை மட்டும் சரி செய்ய முடிவதில்லை, பலகை முழுக்கச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. எது நீடித்த பூச்சு என்று என்னைக் கேட்டால், பழுது பார்க்க முடிவதைத்தான் நீடிப்பது என்பேன். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து இறங்கும் அலமாரிகளில், எப்போதோ போட்ட பாலிஷ் அழுக்கின் அடியில் நல்லபடி இருப்பதைப் பார்க்கிறேன். அதை மிஷின் வைத்துத் தேய்த்து, பச்சை மரமாக்கி, மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை அடித்து விற்கிறார்கள். அது எனக்கு வயிறெரிகிற விஷயம்.

உங்கள் வீட்டில் பழைய சாமான் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். காலுக்கு உள்பக்கமோ இழுப்பறைக்கு அடியிலோ மறைவான ஓர் இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். அந்த இடம் இளகிப் பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு. யார் என்ன சொன்னாலும் சுரண்ட விடாதீர்கள். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு பிரெஞ்ச் பாலிஷ் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, இருக்கிற பாலிஷின் மேலேயே இரண்டு கை போடச் சொல்லுங்கள். "சுரண்டாம போட வராது" என்று சொல்கிறவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.